நாளை இரவு வரும் வேன்

ஒரு தாயின் கேள்வி இது. மகனுக்கு 16 வயது. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டான். உதட்டுக்குள் அடக்கிவைக்கும் கூல் லிப் புகையிலையில் தொடங்கிய பழக்கம் இப்போது வலி நிவாரணி மாத்திரை வரை வந்திருக்குமோ என்று சந்தேகம். பணம் தராவிட்டால் கதவை உதைக்கிறான். போன வாரம் அம்மாவின் கையையே முறுக்கிவிட்டான். உறவினர் ஒருவர் ஒரு மறுவாழ்வு மையத்தைச் சொல்லியிருக்கிறார். பேசினால், "இரவில் வேன் அனுப்புகிறோம், நான்கு ஆட்கள் வருவார்கள், பையனிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். மூன்று மாதம் பார்க்க வரக்கூடாது. திரும்பும்போது தங்கமாகத் திரும்புவான்" என்கிறார்கள். வேன் நாளை இரவு வருகிறது. சேர்க்கலாமா?

அந்த வேன் வேண்டாம் அம்மா. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு சாவகாசமாகப் படியுங்கள்.

நான் மனநல சமூகப் பணியாளர். இந்த வயதுப் பையன்களோடும் அவர்களைப் பெற்றவர்களோடும் 22 ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறேன், பாதி நாள் வார்டில், பாதி நாள் அவர்கள் வீட்டுக் கூடத்தில். தங்கிச் சிகிச்சை பெறுவதற்கு நான் எதிரி இல்லை. சில பையன்கள் இன்று உயிரோடு இருப்பதே அதனால்தான். ஆனால் ஒரு மையத்தை எடைபோட நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: பெற்றோரை அது எங்கே நிற்க வைக்கிறது? உள்ளே வந்து உட்காரச் சொல்கிறதா, கேட்டுக்கு வெளியே நிறுத்துகிறதா?

இது என் சொந்த அபிப்பிராயம் என்று நினைத்துவிடாதீர்கள். 18 வயது நிரம்பாதவரைச் சேர்ப்பதற்கென்றே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 87ஆவது பிரிவு இருக்கிறது. மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைக் கோளாறுகளும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் அடங்கும். அதனால் "நாங்கள் மனநல மருத்துவமனை இல்லை, போதை மீட்பு மையம்" என்று யாரும் நழுவ முடியாது. அந்தப் பிரிவின்படி, சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ இரண்டு பேர் தனித்தனியாகப் பையனைப் பரிசோதித்திருக்க வேண்டும். அதில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். வெளியிலிருந்தபடி பார்க்கக்கூடிய வழிகள் எல்லாம் பலனளிக்கவில்லை, அல்லது இவனுக்கு ஒத்துவராது என்று தெரிந்திருக்க வேண்டும். பையனின் விருப்பத்தையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துத் தங்க வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் ஒருவரோ, சேர்ந்த நாள் முதல் வீடு திரும்பும் நாள் வரை உடன் தங்கியே ஆக வேண்டும். நீங்கள் "போதும், அனுப்பிவிடுங்கள்" என்று சொன்னால் அனுப்பிவிட வேண்டும். சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். 30 நாட்களைத் தாண்டினால் வாரியம் கட்டாயம் மறுஆய்வு செய்ய வேண்டும்.

இப்போது அந்த வேன்காரர் சொன்னதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருத்துவர் யாரும் பையனைப் பார்க்கவில்லை. அவனைக் கேட்கவில்லை. நீங்கள் உடன் இருப்பது இருக்கட்டும், மூன்று மாதம் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. ஒரே தொலைபேசிப் பேச்சில் இத்தனை மீறல். உள்ளே என்னென்ன இருக்குமோ!

உள்ளே என்ன இருக்கும் என்பதற்கு ஒரு சின்னச் சாட்சி சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் தலையில் தொப்பியோடு என்னைப் பார்க்க வந்தான். மே மாதம், மின்விசிறியும் ஓடவில்லை, தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்கிறான். நான்காவது முறை வந்தபோதுதான் கழற்றினான். இதுபோன்ற ஓர் இடத்தில் சேர்த்த அன்றே மொட்டை அடித்திருக்கிறார்கள். அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்பதையெல்லாம் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். மொட்டையைப் பற்றிச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. "எங்கள் அப்பா செத்ததற்குத்தான் சார் கடைசியாக மொட்டை போட்டேன்" என்றான். கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நாடாளுமன்றம் உட்கார்ந்து இதை எழுத வேண்டியிருந்தது என்றால், எத்தனை தலைகள் மழிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சங்கிலியால் கட்டுவதும் எந்த வகையிலும் கூடாது என்கிறது. அதற்கான காரணத்தைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப்போனார்கள்.

பெற்றோரை உள்ளே வைத்துக்கொள்வது வெளிநாட்டிலிருந்து வந்த புது நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். இது நம் நாட்டுப் பழக்கம். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரை உடன் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் 1957இல் தொடங்கியதிலிருந்து குடும்பத்தார் கூடவே தங்குகிறார்கள். பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் பிரிவில் சேர்ந்தால் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இரவு கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து, கொசுவத்தி ஏற்றி, மகன் புரளும்போதெல்லாம் எழுந்து பார்க்கும் அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாத்திரையை நிறுத்திய முதல் சில நாட்கள் காய்ச்சல் மாதிரி உடம்பு முறியும், வயிறு போகும், தூக்கம் வராது, வாயில் கெட்ட வார்த்தையாக வரும். அது கொஞ்சம் தணிந்து, "ரசம் சாதம் இருந்தால் கொடு" என்று அவன் கேட்கும் ஒரு நேரம் வருமே, அப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது முக்கியம். அந்த நேரத்தில் அம்மா இருந்தால் அவன் அம்மாவிடம் திரும்புகிறான். தடி வைத்த காவலாள் இருந்தால் அவனிடமிருந்து பீடியைத் திருடக் கற்றுக்கொள்கிறான்.

கற்றுக்கொள்வது என்று சொன்னேன். மையங்களைப் பற்றிப் பெற்றோர் யாரும் கேட்காத கேள்வி இது: அங்கே அவனுடைய சேர்க்கை யார்? "சேர்க்கை சரியில்லை" என்றுதானே அங்கே அனுப்புகிறோம்? அங்கே இருக்கும் நாற்பது பேரும் இதே காரணத்துக்காக வந்தவர்கள்தானே. கூல் லிப்போடு உள்ளே போன ஒரு பையன் வெளியே வரும்போது, எந்த ஊரில் எந்த மருந்துக் கடையில் சீட்டில்லாமல் எந்த மாத்திரை கிடைக்கும் என்று ஒப்பித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939இல் ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. தடம் மாறக்கூடும் என்று கருதப்பட்ட சிறுவர்களையும் அவர்களுக்கு ஒத்த வேறு சிறுவர்களையும் இணை இணையாகப் பிரித்தார்கள். மொத்தம் 506 பேர். ஒவ்வோர் இணையிலும் ஒருவனுக்கு ஆண்டுக்கணக்கில் ஆலோசகர், படிப்பு உதவி, மருத்துவம், கோடை முகாம் எல்லாம். மற்றவனுக்கு ஒன்றும் இல்லை. முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்துப் பார்த்தார். உதவி பெற்றவர்களின் வாழ்க்கை சில அளவுகளில் மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. பின்னால் நுணுக்கமாகப் பார்த்தபோது, கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்ட பையன்களிடம்தான் அந்தக் கேடு அதிகம் தெரிந்தது. நல்ல மனத்தோடு செய்தது. ஆனால் ஒரே மாதிரிப் பையன்களை ஒன்றாகப் போட்டால், ஒருவன் சொல்லும் சாகசக் கதைக்கு மற்றவன் சிரிக்கிற அந்தச் சிரிப்பே பாடமாகிவிடுகிறது.

அதனால் சேர்க்கும் இடம் சிறியதாக இருக்கட்டும். 1967இல் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் பள்ளியும் நீதிமன்றமும் கைவிட்ட ஏழெட்டுப் பையன்களை ஒரு வீட்டில் ஒரு தம்பதியோடு வாழ வைத்துப் பார்த்தார்கள். வளாகம் கிடையாது, மதில் கிடையாது, சாதாரண வீடு. பையன்கள் உள்ளூர்ப் பள்ளிக்கே போனார்கள், வீட்டு வேலை செய்தார்கள், நடத்தைக்கு மதிப்பெண் அட்டை இருந்தது. பாதிரியார் ஃபிளானகன் 1917இல் தொடங்கிய பாய்ஸ் டவுன் என்ற புகழ்பெற்ற இல்லமும் 1970களில் பெரிய விடுதிக் கூடங்களைக் கைவிட்டு இந்த முறைக்கு மாறியது. இரவில் வந்து பையனைத் தூக்கிப்போகும் வியாபாரமும் அதே அமெரிக்காவில்தான் பெரிதாக வளர்ந்தது. அங்கே பிள்ளைகள் பட்ட பாட்டின் விளைவாக, 2024 டிசம்பரில் இத்தகைய நிலையங்களில் நடக்கும் கொடுமையைத் தடுப்பதற்கென்றே ஒரு கூட்டரசுச் சட்டம் கையெழுத்தானது.

சரி, அப்படியென்றால் யாரைத்தான் தங்க வைத்துப் பார்க்க வேண்டும்? தற்கொலை எண்ணம் உள்ளவனை. காதில் குரல் கேட்கிறது, எல்லோரும் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று சொல்கிறவனை. குடியையோ தூக்க மாத்திரையையோ திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடியவனை. வீட்டில் யாருக்காவது பெருங்காயம் ஏற்படும் நிலையில் இருப்பவனை. வெளியிலிருந்து ஒழுங்காக முயன்றும் நிறுத்த முடியாதவனை. உங்கள் மகன் இதில் ஏதாவது ஒன்றில் அடங்கக்கூடும். அதை நானோ உறவினரோ வேன்காரரோ சொல்ல முடியாது. மனநல மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டு வாங்கினால் போதும்.

பரிசோதனை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "அடங்காப்பிடாரி" என்று கொண்டுவரப்படும் பையன்களில் பலருக்கு அடிப்பிரச்சினை வேறாக இருக்கிறது. 15 வயதுப் பையன் ஒருவன். பள்ளிக்கூடத்தில் நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டான் என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என் மேசையில் கிடந்த செய்தித்தாளை அவன் பக்கம் தள்ளி, கிரிக்கெட் செய்தி என்ன என்று பார்த்துச் சொல் என்றேன். முதலில் சிரித்தான். பிறகு தண்ணீர் வேண்டும் என்றான். பிறகு கழிவறை எங்கே என்றான். திரும்பி வந்து, "கண் எரிகிறது சார்" என்றான். தலைப்பில் இருந்த நான்கு எழுத்துச் சொல்லை விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டி முடிக்கும்போது அவன் நெற்றியில் வியர்வை. பத்தாண்டு பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாமல் இதை அவன் மறைத்திருக்கிறான், ரகளை செய்து வெளியே அனுப்பப்படுவதன் மூலம். கற்றல் குறைபாடு உள்ள பையனை மூன்று மாதம் அல்ல, மூன்று வருடம் அடைத்து வைத்தாலும் அது போகாது. கவனச் சிதறலும் மிகைச் சுறுசுறுப்பும் உள்ள பிள்ளைகள், பாலியல் சீண்டலுக்கு ஆளாகி வாய்திறக்காமல் இருப்பவர்கள், மனச்சோர்வில் இருப்பவர்கள் என்று வரிசை நீளும். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிடச் சிடுசிடுப்பாகவும் கோபமாகவும் வருவதுண்டு. ஆண்பிள்ளை அழக்கூடாது என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்; அவன் கதவை உதைக்கிறான்.

கவுன்சிலிங் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் கவுன்சிலிங் என்றால் அறிவுரை என்று அர்த்தமாகிவிட்டது. "நன்றாக எடுத்துச் சொல்லுங்கள் சார்" என்று பையனை என் முன்னால் உட்கார வைத்துவிட்டு அப்பா வெளியே போய் டீ குடிப்பார். எடுத்துச் சொல்ல ஊரே இருக்கிறதே, நான் எதற்கு? நான் கேட்பது தலைகீழாக இருக்கும்: அந்த மாத்திரை உனக்கு என்ன தருகிறது? பையன்கள் திகைத்துப்போவார்கள், அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். "தலைக்குள் சத்தம் நிற்கிறது", "அப்பா கத்துவது தூரத்தில் கேட்கிறது", "அவர்களோடு சமமாக உட்காரலாம்" என்று பதில் வரும். அந்தப் பதிலிலிருந்துதான் வேலை தொடங்குகிறது. அதுவும் அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பாதிப் பையன்கள் பேச மாட்டார்கள். கேரம் ஆடும்போது, சமையலறையில் வெங்காயம் உரிக்கும்போது, கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது பேசுவார்கள். நல்ல மையத்தில் கவுன்சிலிங் ஒரு மணி நேரம் என்றால், மீதி 23 மணி நேரமும் சமையற்காரரும் இரவுச் செவிலியரும் அவனோடு எப்படிப் பேசுகிறார்கள் என்பதும் சிகிச்சைதான். ஒரு மையத்தைப் பார்க்கப் போனால் அலுவலக அறையில் உட்கார வைத்துப் படம் காட்டுவார்கள். நீங்கள் சமையலறைக்குப் போங்கள். கழிவறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, ஊழியர்கள் பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று கவனியுங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் சங்கப் பதிவுச் சான்றிதழைக் காட்டினால் அது வேறு, இது வேறு.

கேள்வியின் கடைசியில் ஒரு வரி இருந்தது: போலீஸில் புகார் கொடுத்துக் கூர்நோக்கு இல்லத்திலாவது வைக்கலாமா என்று. வேண்டாம். இந்தியாவிலேயே முதலில் சிறார் சட்டம் இயற்றியது 1920இல் நம் மதராஸ் மாகாணம்தான். அந்தப் பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான்; அந்த வழக்கில் ஊழியர்களே கைதானார்கள். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்து இந்த இல்லங்களை ஆராய வேண்டியதாயிற்று. வழக்கு வந்துவிட்ட பையனுக்கு அந்த வழி. அம்மாவே தேடிப்போகும் வழி இல்லை. உங்கள் புகார் போக வேண்டிய இடம் வேறு: சிறுவனுக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அந்தக் கடைக்காரர் மீது கொடுங்கள்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் பையன் வீட்டுக்குத்தான் திரும்புகிறான். தெருமுனையில் அதே டீக்கடை, அதே நண்பர்கள், அவன் கைப்பேசியில் அதே எண்கள். ஆகவே அவன் வார்டில் இருக்கும் நாட்களில் வீட்டில் வேலை நடக்க வேண்டும். அப்பா ஒன்று சொல்ல, அம்மா ரகசியமாக நூறு ரூபாய் கொடுக்க, மாமா வந்து கை ஓங்க, பாட்டி குறுக்கே விழ, இப்படி நாலு அரசாங்கம் நடக்கும் வீட்டில் எந்தச் சிகிச்சையும் நிற்காது. "அடியாத மாடு படியாது" என்று மாமா சொல்வார். படிந்த மாடு வண்டி இழுக்கும் மாமா, நமக்கு வேண்டியது அது இல்லையே என்று அவரிடம் சொல்லுங்கள்.

நான் பெற்றோரையும் பையனையும் உட்கார வைத்து எழுதச் சொல்வது ஒரு தாளில் அடங்கிவிடும். ஒரு வீட்டில் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்திலேயே எழுதினார்கள். அம்மா எழுதியது: இரவு ஒன்பது மணிக்குள் வீடு, கை நீட்டக் கூடாது. அப்பா எழுதியது: பையை அவன் முன்னால்தான் பார்ப்பேன், தூங்கும்போது இல்லை. பையன் வெகுநேரம் பேனாவை உருட்டிவிட்டு எழுதினான்: பெரியப்பா வரும்போது என்னைப் பற்றிப் பேசக்கூடாது. அவ்வளவுதான் அவன் கேட்டது. அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒன்றரை ஆண்டு ஒட்டியிருந்தது. இடையில் இரண்டு முறை அவன் மாத்திரைக்குத் திரும்பிப் போனான், இரண்டு முறையும் மூன்றாம் நாளே அவனே வந்து சொன்னான். திரும்பிப் போவது இந்த நோயின் சுபாவம். எத்தனை நாளில் வந்து சொல்கிறான் என்பதைத்தான் நான் பார்ப்பேன். பள்ளிக்கு மறுபடி போக மாட்டேன் என்றால் ஐ.டி.ஐ. இருக்கிறது, தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குக் கிளம்பிப் போக ஓர் இடம் இல்லாத பையனை எந்த மருந்தாலும் காப்பாற்ற முடியாது.

இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண் அது, அழையுங்கள், தமிழில் பேசுவார்கள், இரவிலும் எடுப்பார்கள். நாளை காலை மகனிடம், "உன்னைச் சேர்க்க இல்லை, டாக்டரிடம் ஒரு தடவை பேசத்தான், நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள். அவன் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள். அவனுடைய பழைய மதிப்பெண் அட்டைகளையும், கிடைத்தால் அந்த மாத்திரை அட்டையின் காலி உறையையும் எடுத்துப் போங்கள். கை ஓங்கினால் வாதாடாமல் அறையை விட்டு, தேவையென்றால் வீட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் ஒருவரிடம் இன்றே சொல்லி வையுங்கள். வேன்காரருக்குத் தொலைபேசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சொன்னதைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பி வையுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் போனது போகட்டும், ரசீது மட்டும் பத்திரமாக இருக்கட்டும். நாளை இரவு வாசல் விளக்கை எரியவிட்டு, கதவை உட்புறம் தாழிட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் சில சமயம் அப்படியும் வருவார்கள்.